வருத்தத்துக்குப் பிறகு டியூட்டிக்குத் திரும்புதல்: ஐந்து வழிகளில் எது யாருக்கு?

மெடிக்கல் லீவு முடியப்போகிற வாரத்தில், மட்டக்களப்பிலோ கல்முனையிலோ அக்கரைப்பற்றிலோ வேலை செய்கிற ஒரு தாதியிடம் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: “எப்ப மிஸ்ஸி டியூட்டிக்கு வாறீங்க?” திகதியைக் கேட்கிறார்கள். எந்த ரோஸ்டருக்கு (டியூட்டி அட்டவணைக்கு) வருகிறார் என்று கேட்க ஆளில்லை. வந்தவர் நிலைத்து நிற்பாரா, ஆறு வாரத்தில் மறுபடியும் படுப்பாரா என்பது பெரும்பாலும் அந்த ரோஸ்டரில்தான் இருக்கிறது.

மனவருத்தத்துக்காக (மனநல நோய்க்காக) லீவு எடுத்தவர்களுக்கு மட்டும் உரிய விஷயம் இல்லை இது. மாரடைப்பு வந்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு மனச்சோர்வு நோய் சேர்ந்து வருகிறது. ஐ.சி.யூ.வில் கிடந்து தப்பியவர்களுக்குப் பதற்றமும் கெட்ட கனவும் மாதக்கணக்கில் தொடரலாம். டெங்கு விட்ட பிறகு வாரக்கணக்கில் நீடிக்கிற அசதியை வீட்டாரும், சிலவேளை வருத்தக்காரரும்கூட, சோம்பல் என்று நினைத்துவிடுகிறார்கள். காசநோய்க்கு ஆறு மாதம் மருந்து. அதோடு யாருக்குத் தெரிந்துவிடுமோ என்ற கூச்சம். மற்ற வேலைக்காரர் வருத்தத்தை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு வேலைக்குப் போகிறார். சுகாதார ஊழியருக்கு அந்த வசதி இல்லை. டெங்குவில் எச்.டி.யூ.வில் (நெருங்கிக் கண்காணிக்கும் பிரிவில்) கிடந்த தாதி, அதே எச்.டி.யூ.வில் இன்னொருவரின் பி.சி.வி. (இரத்தத்தில் சிவப்பணுக்களின் விகிதம்; ஏறினால் ஆபத்து) அளவைச் சார்ட்டில் குறிக்க வேண்டியிருக்கிறது. எண் ஏறும்போது அவருடைய கை நடுங்கினால் அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

முன்னால் இருப்பவை ஐந்து வழிகள். உடனே முழு ரோஸ்டருக்குப் போகலாம்; அதே வார்ட்டுக்குப் படிப்படியாகப் போகலாம்; வேறு பிரிவில் இலகு பணி கேட்கலாம்; லீவை நீட்டலாம்; இடமாற்றம் கேட்கலாம். இவற்றில் இரண்டாவதுதான் பெரும்பாலானவர்களுக்கு நல்லது என்பது எங்கள் கருத்து. ஆனால் அதைச் சரியாகச் செய்கிறவர்கள் குறைவு. அதனால் அதற்கே இங்கே அதிக இடம்.

எது பழுதானது?

வழியைத் தெரிவதற்கு முன் மூன்றைப் பிரித்துப் பாருங்கள். உடம்பின் தாங்குசக்தி பழுதானதா, நித்திரை பழுதானதா, அல்லது அந்த இடத்தோடு இருந்த நம்பிக்கை பழுதானதா? மூன்றும் ஒன்றாகவும் வரலாம். ஆனால் ஒன்று மற்றதை விடக் கனமாக இருக்கும்.

தாங்குசக்தியை வீட்டிலேயே சோதிக்கலாம். டியூட்டிக்குப் போகிற நேரத்துக்கே எழும்பி, குளித்து, ஆறு மணித்தியாலம் உட்காராமல் நடமாடிப் பாருங்கள். சமையல், கடைத்தெரு, பிள்ளையின் டியூஷன் எல்லாம் கணக்கில் சேரும். இரண்டு நாள் அடுத்தடுத்துச் செய்துவிட்டு மூன்றாம் நாள் காலமை எப்படி இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். முதல் நாளை வைத்து எதையும் சொல்ல முடியாது.

நித்திரைக்கு இரண்டு வாரக் குறிப்புப் போதும். படுத்த நேரம், எழும்பிய நேரம், இடையில் முழித்த தடவை. மாத்திரை போட்டு வந்த நித்திரையா, தானாக வந்ததா என்பதையும் எழுதுங்கள். மருந்து தருகிற வைத்தியருக்கு நீங்கள் கொடுக்கக்கூடிய மிகப் பயனுள்ள காகிதம் அதுதான்.

இடத்தைச் சோதிக்க, டியூட்டி இல்லாத ஒரு பின்னேரம் வார்ட் வரை போய்ப் பத்து நிமிடம் நின்றுவிட்டு வாருங்கள். நெஞ்சு படபடத்துப் பத்து நிமிடத்துக்குள் அடங்கினால் அது பழகக்கூடியது. வாசலிலேயே திரும்பினால், அல்லது அன்றிரவு நித்திரை போனால், அதை வைத்தியரிடம் சொல்லாமல் ரோஸ்டரில் பெயர் போட வேண்டாம். 2004 டிசம்பர் 26 (சுனாமி), 2019 ஏப்ரல் 21 (உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்) ஆகிய இரண்டு நாட்களிலும் டியூட்டியில் நின்ற பலர் இன்றும் இந்த மாவட்டங்களில் வேலை செய்கிறார்கள். மட்டக்களப்புச் சீயோன் தேவாலயக் குண்டுவெடிப்பில் காயப்பட்டவர்களை ஏற்றவர்களுக்கு இ.ரி.யூ. (அவசர சிகிச்சைப் பிரிவு) வாசல் வெறும் வாசல் இல்லை. அவர்கள் திரும்பும் முதல் வாரம் இந்த நினைவுநாட்களோடு மோதாமல் திகதியைப் பத்து நாள் முன்பின் நகர்த்துவது சிறிய வேலை. பலன் பெரியது.

உடனே முழு ரோஸ்டர்

லீவு இரண்டு வாரத்துக்குக் குறைவு, நித்திரை சரி, வார்ட்டை நினைத்தால் பயம் இல்லை என்றால் இதுவே போதும். அப்பெண்டிக்ஸ் அறுவைச் சிகிச்சை, இலேசான காய்ச்சல் போன்றவற்றுக்கு நீட்டி முழக்கத் தேவையில்லை.

சிக்கல் என்னவென்றால், இதைத் தெரிகிறவர்களில் பலர் அந்த நிலையில் இல்லாதவர்கள். காரணம் இரண்டு. ஒன்று காசு: லீவில் ஓவர்டைம் இல்லை, வங்கிக் கடனும் சீட்டும் நிற்பதில்லை. மற்றது குற்ற உணர்வு. 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு வைத்தியரும் தாதியரும் வெளிநாடு போனதில் மிஞ்சியவர்களின் தோளில் பாரம் கூடியது. “எனக்காக இன்னொருத்தி டபுள் அடிக்கிறாளே” என்ற எண்ணம் ஆளை அரைகுறைச் சுகத்தோடு இழுத்து வந்துவிடுகிறது.

உடைவது பெரும்பாலும் மூன்றாம் வாரத்தில். முதல் வாரம் எல்லோரும் விசாரிக்கிறார்கள், தாங்குகிறார்கள், உடம்பும் உற்சாகத்தில் ஓடுகிறது. இரண்டாம் வாரம் நைட் வருகிறது. காலை 7 முதல் 1 வரை, 1 முதல் மாலை 7 வரை, மாலை 7 முதல் மறுநாள் காலை 7 வரை என்ற முறையில், காலமை டியூட்டி முடித்து அன்றிரவே நைட் ஏறினால் 24 மணித்தியாலத்தில் 18 மணித்தியாலம் வேலை. இடையில் கிடைக்கிற ஆறு மணித்தியாலத்துக்குள் பஸ், சமையல், பிள்ளைகள். ஏற்கனவே பழுதான நித்திரை இதைத் தாங்காது. மூன்றாம் வாரம் சின்ன விஷயத்துக்கு அழுகை, மருந்துக் கணக்கில் தடுமாற்றம், டியூட்டிக்குக் கிளம்பும்போது வயிற்றைப் புரட்டுவது. அப்போது எடுக்கிற இரண்டாவது லீவு முதலாவதை விட நீளமாக இருக்கும். திரும்பி வருகிற துணிவும் அதோடு குறைந்துபோகும்.

அதே வார்ட், படிப்படியாக

2022இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வேலைத்தள மனநல வழிகாட்டலும் இதற்கு இடம் தருகிறது: மனநலக் காரணத்தால் லீவில் இருப்பவருக்குச் சிகிச்சையை மட்டும் கொடுக்கலாம், அல்லது சிகிச்சையோடு வேலையைச் சரிக்கட்டும் ஏற்பாட்டையும் சேர்த்துக் கொடுக்கலாம். வார்ட்டை அறிந்தவர்களுக்கு இரண்டாவதின் அருமை விளங்கும்.

ஐந்து நாள் வாரத்தை வைத்து ஒரு கணக்கு. முதல் வாரம் இரண்டு காலமை டியூட்டி, மூன்று நாள் லீவு. இரண்டாம், மூன்றாம் வாரங்களில் மூன்று டியூட்டி, இரண்டு லீவு. நான்காம் வாரம் நான்கு டியூட்டி, ஒரு லீவு. ஐந்தாம், ஆறாம் வாரங்களில் முழு நாட்கள், ஆனால் காலமையும் பின்னேரமும் மட்டும். ஏழாம் வாரம் ஒரேயொரு நைட், அதற்குப் பிறகு இரண்டு இரவு வீட்டில் நித்திரை. அது சரிவந்தால் எட்டாம் வாரத்திலிருந்து மற்றவர்களைப் போல. முதல் இரண்டு வாரங்களில் டியூட்டி நாட்களை அடுத்தடுத்து வைக்க வேண்டாம்.

கூட்டிப் பாருங்கள்: இதற்கு எட்டு லீவு நாள் வேண்டும். அரச ஊழியருக்கு வருடத்துக்கு 24 நாள் ஓய்வு லீவும் 21 நாள் தற்செயல் லீவும் உண்டு. படுக்கையில் கிடக்கும்போதே எல்லாவற்றையும் கரைத்துவிட்டால் படிப்படியாக வருவதற்குக் கையில் எதுவும் மிஞ்சாது. ஆகவே நான்கு வாரம் ஓய்வு வேண்டும் என்று தோன்றினால், எத்தனை நாளை முழு லீவாக எடுப்பது, எந்த எட்டைப் பின்னுக்கு வைப்பது என்று ஆரம்பத்திலேயே லீவுப் பிரிவின் கிளாக்கோடு உட்கார்ந்து கணக்குப் பாருங்கள். ஒப்பீட்டில் அதிகம் தவறவிடப்படுகிற புள்ளி இதுதான்.

இந்த ஏற்பாடு தோற்பது வார்ட்டின் ஆள்கணக்கில். திரும்பி வருகிறவரை முதல் நாளே ஒரு முழு ஆளாக எண்ணிவிட்டால், அவர் மெதுவாகச் செய்கிற ஒவ்வொன்றும் பக்கத்தில் நிற்பவரின் தலையில் விழும். மூன்றாம் நாள் இன்சார்ஜ் சிஸ்டர் “இண்டைக்கு மட்டும் ஈவினிங்கும் நில்லுங்க மகள்” என்பார். அவருக்கும் வேறு வழி இருக்காது. முதல் இரண்டு வாரம் ரோஸ்டரில் மேலதிக ஆளாகப் போடுவதே இதற்கு மருந்து: அவர் வந்தாலும் வராவிட்டாலும் ஷிப்ட் ஓடும் என்கிற நிலை. ஆஸ்பத்திரித் தாதியருக்குப் பொறுப்பான மேட்ரன் மட்டத்தில் ஒப்புக்கொண்டால்தான் இது நடக்கும். இன்சார்ஜ் தனியே செய்யக்கூடிய விஷயம் இல்லை. எனவே மேட்ரனைச் சந்திக்காமல் இந்தப் படிப்படியான திட்டத்தை (படித்திட்டம்) தொடங்க வேண்டாம்.

கிழக்கில் மழையோடு டெங்கு ஏறுகிற நவம்பர் முதல் ஜனவரி வரை மேலதிக ஆள் என்ற பேச்சு எடுபடாது. அந்த மாதங்களில் திரும்புகிறவர் காய்ச்சல் வார்ட்டுக்குப் பதிலாக வேறொரு வார்ட்டில் படியைத் தொடங்கிவிட்டுப் பிறகு தன் இடத்துக்கு மாறுவது நடைமுறைக்குப் பொருந்தும்.

மருந்துத் தட்டு விஷயத்தில் ஒளிவுமறைவு வேண்டாம். மனச்சோர்விலிருந்து எழும்புகிறவருக்கு மனநிலை முதலில் சரியாகி, கவனமும் ஞாபகமும் பின்னாலேயே வரலாம். முதல் நான்கு வாரம் இன்சுலின், ஹெப்பரின், பொட்டாசியம் குளோரைட், மோர்ஃபின் வகைகளை இருவர் பார்த்துக் கையெழுத்திட வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். வார்ட் முழுவதுக்கும் அதே விதியைப் போட்டால் யாரும் தனித்துத் தெரியமாட்டார்கள். நோயாளிக்கும் அது நன்மை. வருத்த காலத்தில் உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்திருந்தால், மருந்து அலமாரிச் சாவியைச் சில மாதங்களுக்குத் தான் வைத்திருக்க வேண்டாம் என்று கேட்பது தண்டனை இல்லை. சிகிச்சை வைத்தியரோடு சேர்ந்து எடுக்கிற பாதுகாப்பு அது.

வைத்தியர்களுக்குப் படித்திட்டம் என்றால் ஒன்-கோல் (அழைத்தால் எந்நேரமும் வரும் கடமை)தான் கடைசியாக வர வேண்டியது. பலர் ஆஸ்பத்திரி வேலையைக் குறைத்துவிட்டுப் பின்னேரச் சனலிங்கை (தனியார் ஆஸ்பத்திரியில் நோயாளி பார்ப்பதை) அப்படியே வைத்திருக்கிறார்கள். அப்படியானால் குறைத்த மணித்தியாலம் எங்கும் மிஞ்சுவதில்லை. முதலில் நிறுத்த வேண்டியது சனலிங்.

குடும்பநல உத்தியோகத்தரின் (ஊர் மருத்துவிச்சியின்) நிலை வேறு. அவருக்கு வார்ட் இல்லை, ஊர் இருக்கிறது. வருத்தம் வந்ததும் ஊருக்குத் தெரியும், என்ன மருந்து என்றும் சிலவேளை தெரியும். அவருக்கு முதல் மூன்று வாரம் கிளினிக் நாட்களும் பதிவேடுகளும் மட்டும்; வீட்டுத் தரிசிப்பைப் பதில் கடமை பார்த்தவரே தொடரட்டும். நான்காம் வாரம் தனக்கு நெருக்கமான, பக்கத்து வீதிகளில் தொடங்கலாம். பதில் கடமையை ஒரே நாளில் முடித்துவிடாமல் எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) அலுவலகத்தில் எழுத்தில் நீட்டிவைக்க வேண்டும். வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பக்கம் பிரிவு உள்ளவர்களுக்குத் தூரமும் தனிமையும் சேர்ந்த களைப்பு வரும். அவர்களுக்கு இன்னும் ஒரு வாரம் கூட்டிக் கொடுப்பது நியாயம்.

வேறு பிரிவில் இலகு பணி

கேட்க இலகுவானது, கிடைக்கவும் இலகுவானது. கிளினிக், ஓ.பி.டி., கிருமி நீக்கல் பிரிவு, பதிவேட்டு அறை, தொற்றுக் கட்டுப்பாட்டுப் பிரிவு. நேரம் பெரும்பாலும் பகல், நைட் இல்லை. முதுகு, மூட்டு, இதய அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு இதைவிடச் சிறந்தது இல்லை. புற்றுநோய் மருந்து ஏற்றிக்கொண்டிருப்பவருக்கும் வெள்ளணு குறைந்திருக்கும் காலத்தில் தொற்று நோயாளிகளிடமிருந்து தள்ளி நிற்க இது உதவும். அவருக்கு ஓ.பி.டி. கூடாது, பதிவேட்டு அறை நல்லது.

மனவருத்தத்துக்கு இது இருமுனைக் கத்தி. வார்ட்டைக் கண்டு பயந்தவருக்கு விலகி நிற்பது உடனே ஆறுதல் தரும். அந்த ஆறுதலே பயத்தை வளர்க்கும். மூன்று மாதம் பதிவேட்டு அறையில் இருந்தவருக்கு வார்ட் முன்பை விடப் பெரிதாகத் தெரியும். கூடவே “அவவுக்கு மெண்டல், அதான் ஸ்டோர்ல போட்டிருக்கு” என்ற பேச்சு கன்ரீனில் ஓடத் தொடங்கும். ஆகவே இலகு பணி கேட்டால் முடிவுத் திகதியோடு கேளுங்கள்: ஆறு வாரம், அதற்குள் வாரத்துக்கு ஒரு காலமை பழைய வார்ட்டில். ஒரே நபரை ஒரே மேசையில் உட்காரவைத்துவிட்டு மறந்துபோவதுதான் இந்த வழியில் நடக்கிற பெரிய அநியாயம்.

ஓ.பி.டி.யை இலகு பணி என்று நினைத்து ஏமாறுகிறவர்களும் உண்டு. காலமை எட்டு மணி வரிசையின் சத்தமும் சண்டையும் பதற்றக்காரருக்கு வார்ட்டை விடக் கடினம்.

லீவை நீட்டுவது

சில நிலைகளில் இதைத் தவிர வேறு வழி இல்லை. உயிரை மாய்க்கும் எண்ணம் இன்னும் வந்துபோகிறது. மருந்து தொடங்கி நான்கு வாரம் ஆகவில்லை. மருந்தளவு இன்னும் மாறிக்கொண்டிருக்கிறது. ஒரு நாளில் இரண்டு வேளைச் சாப்பாடும் ஆறு மணித்தியால நித்திரையும் இன்னும் வரவில்லை. இவற்றில் ஒன்று இருந்தாலும் ரோஸ்டரைப் பற்றிக் கதைக்கவே வேண்டாம். செர்ட்ரலின், ஃப்ளுவொக்செட்டின் போன்ற மனச்சோர்வு மருந்துகள் வேலைசெய்யத் தொடங்கவே இரண்டு முதல் நான்கு வாரம் எடுக்கும். அதற்கு முன் டியூட்டிக்கு வந்துவிட்டு “மருந்து சரிவரேல்ல” என்று நிறுத்துகிறவர்கள் சுகாதாரத் துறைக்குள்ளேயே நிறையப் பேர்.

அதற்கு மேல் நீட்டினால் ஒவ்வொரு மாதமும் திரும்புவதைக் கடினமாக்கும். வீட்டில் பகல் நித்திரை, ஆள் முகம் பாராமை, சம்பளக் குறைவு. முழுச் சம்பள லீவு முடிந்தால் அரைச் சம்பளம், பிறகு சம்பளமற்ற லீவு. நீண்டுபோனால் வைத்திய சபையின் (மெடிக்கல் போர்ட்) முன் தோற்ற வேண்டியும் வரலாம். அரச ஊழியருக்கான தாபன விதிக்கோவையின் பன்னிரண்டாம் அத்தியாயம் இவை எல்லாவற்றையும் சொல்கிறது. கிளாக்கின் வாய்மொழியை மட்டும் நம்பாமல் அந்தப் பக்கங்களை ஒருமுறை வாசியுங்கள். கடமையில் இருக்கும்போது ஏற்பட்ட காயம் என்றால் விபத்து லீவு தனியாக உண்டு; அதைச் சாதாரண லீவில் கழித்துக்கொள்ள விடவேண்டாம். ஆஸ்பத்திரியில் தங்கிய செலவுக்கு அரச ஊழியருக்கான அக்ரஹாரக் காப்புறுதி விண்ணப்பத்தையும் டிஸ்சார்ஜ் கார்ட் கையில் இருக்கும்போதே போட்டுவிடுங்கள்.

லீவை நீட்டத்தான் வேண்டும் என்றால் கடைசி இரண்டு வாரத்தை ஓய்வாக வைக்காதீர்கள். ரோஸ்டர் நேரத்துக்கு எழும்புவது, நடப்பது, வார்ட் வரை போய்வருவது என்று பயிற்சியாக வைத்தால்தான் நீட்டியதற்குப் பலன்.

எங்கே மருந்து எடுப்பது?

இது ஆறாவது வழி இல்லை. மேலே சொன்ன எல்லாவற்றையும் தாங்குகிற கேள்வி. மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையிலும் கல்முனை வடக்கு ஆதார வைத்தியசாலையிலும் மனநலப் பிரிவு உண்டு. தான் வேலை செய்கிற இடத்திலேயே மருந்து எடுத்தால் நேரம் மிச்சம், வைத்தியருக்கும் வார்ட்டின் உண்மை நிலை தெரியும். ஆனால் கிளினிக் வரிசையில் தன் நோயாளியின் பக்கத்தில் இருக்க வேண்டும், மருந்தகத்தில் துண்டைத் தெரிந்தவரிடம் நீட்ட வேண்டும். இந்தக் கூச்சத்தால் பலர் கிளினிக்குக்கே போகாமல் கொரிடோரில் ஒரு டொக்டரை மறித்து, “சேர், நித்திரைக்கு ஏதாவது எழுதித் தாங்களேன்” என்று டயசிபாமோ அமிட்ரிப்டிலினோ வாங்கிக்கொள்கிறார்கள். பதிவு இல்லை, மறுபரிசோதனை இல்லை, மாத்திரை மட்டும் மாதக்கணக்கில். எங்கள் பார்வையில் இதுதான் எல்லாவற்றிலும் கெட்ட தெரிவு.

கூச்சம் பெரிது என்றால் அடுத்த ஊருக்குப் போங்கள். மட்டக்களப்பில் வேலை செய்பவர் கல்முனைக்கு, கல்முனைக்காரர் மட்டக்களப்புக்கு. ஏறத்தாழ 40 கிலோமீற்றர். மாதம் ஒரு தடவைக்கு அது தூரம் இல்லை. அல்லது மனநல வைத்திய அதிகாரியிடம் கிளினிக் முடிந்த பிறகு தனி நேரம் கேளுங்கள். சக ஊழியருக்குப் பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள். நடு இரவில் தாங்கமுடியாவிட்டால் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கம் இருக்கிறது.

மருந்துக்கும் ரோஸ்டருக்கும் உள்ள மோதலை வைத்தியரிடம் நீங்கள்தான் எடுத்துச் சொல்ல வேண்டும். ஒலன்சபின், அமிட்ரிப்டிலின் போன்ற நித்திரை தரும் மருந்துகள் இரவு ஒன்பதுக்கு என்று எழுதப்படும்; நைட் டியூட்டியில் அதை எப்போது போடுவது? தவறவிட்டால் நோய் திரும்பும், போட்டால் வார்ட்டில் தூக்கம், காலமை போட்டுவிட்டு மோட்டார் சைக்கிளில் வீட்டுக்குப் போனால் விபத்து. இருமுனைக் கோளாறு உள்ளவருக்கு நித்திரை இழப்பே மறுபடியும் வருத்தத்தைக் கிளப்பிவிடும். அவருக்கு நைட் இல்லாத ரோஸ்டர் சலுகை இல்லை, சிகிச்சையின் பாகம்.

இருமுனைக் கோளாறுக்கு லிதியம் எடுப்பவர் மூன்று விஷயத்தில் கவனமாக இருக்க வேண்டும். சித்திரை வெயிலில் பாதுகாப்பு உடையோடு வியர்த்து நீரிழந்தால் இரத்தத்தில் லிதியம் ஏறும். வார்ட்டில் கையெட்டும் தூரத்தில் இருக்கிற டைக்ளோஃபெனாக்கும் ஐபுப்ரோஃபெனும் அதை இன்னும் ஏற்றும். வலிக்குப் பரசிட்டமோலைத் தாண்ட வேண்டாம். இரத்தம் எடுப்பது கடைசி மாத்திரையிலிருந்து 12 மணித்தியாலத்தில். நைட் முடித்து வந்து நினைத்த நேரத்தில் எடுத்தால் எண் பிழையாக வரும். நோன்பு காலத்தில், குறிப்பாக அம்பாறைக் கரையோரத்தில், இதற்கு முன்கூட்டியே திட்டம் வேண்டும். ஒருநேர மாத்திரையான செர்ட்ரலினை நோன்பு திறந்த பிறகோ சஹருக்கோ மாற்றுவது பெரும்பாலும் சிக்கல் இல்லை. லிதியத்தை அப்படித் தானாக மாற்றக்கூடாது. நோன்புக்கு முன்னரே வைத்தியரைக் கண்டு முடிவெடுக்க வேண்டும்.

நன்றாகிவிட்டது என்று டியூட்டி தொடங்கிய மாதமே மருந்தை நிறுத்துவது இன்னொரு வழமை. மனச்சோர்வு மருந்து, சுகமான பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடர வேண்டியது.

காகிதத்தில் என்ன இருக்க வேண்டும்

வைத்தியரிடம் கேட்க வேண்டியது நோயின் பெயரை எழுதிய கடிதம் இல்லை. ‘ஆறு வாரத்துக்கு இரவுப் பணி தவிர்க்கவும்; முதல் நான்கு வாரம் வாரத்துக்கு நான்கு டியூட்டிக்கு மேல் வேண்டாம்; எட்டு வாரத்தில் மறுபரிசோதனை’ என்று மட்டும் எழுதினால் போதும். நிர்வாகத்துக்குத் தேவையானது அவ்வளவே. அந்தக் கடிதம் மேட்ரனுக்கு ஒன்று, பணிப்பாளர் அல்லது வைத்திய அத்தியட்சகருக்கு ஒன்று, உங்களிடம் ஒன்று. வாயால் ஒப்புக்கொண்ட ஏற்பாடு இன்சார்ஜ் மாறிய அன்றே போய்விடும்.

இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை, ஒரே கிழமை நாளில், மனச்சோர்வை அளக்கும் பி.எச்.கியூ-9இன் ஒன்பது கேள்விகளைப் போட்டுப் பாருங்கள். 27க்கு எண்ணப்படுகிற புள்ளி 10 அல்லது அதற்கு மேல் வந்தால், அல்லது முன்னையதை விட ஐந்து கூடினால், அடுத்த படிக்கு ஏறாமல் வைத்தியரைக் காணுங்கள். உயிரை மாய்க்கும் எண்ணத்தைக் கேட்கிற ஒன்பதாவது கேள்விக்கு ‘இல்லை’ தவிர எந்தப் பதில் வந்தாலும் அன்றைக்கே காண வேண்டும்.

சக ஊழியருக்கு என்ன சொல்வது என்பதையும் முன்னாலேயே தயார் செய்யுங்கள். முதல் நாள் காலமை ஓவர் எடுக்கும்போதே (முந்திய ஷிப்ட்டிடம் பொறுப்பேற்கும்போதே) “என்ன வருத்தம்? மெலிஞ்சுபோயிட்டீங்களே!” என்று கேட்பார்கள். பெரும்பாலும் அன்பில்தான். “இப்ப சுகம் அக்கா, மருந்து எடுக்கிறன். கொஞ்ச நாளைக்கு நைட் இல்ல” என்ற ஒரு வரி போதும். அதற்கு மேல் கேட்டால் அதே வரியைத் திரும்பச் சொல்லலாம். முழுக் கதையையும் சொல்வதற்கு நம்பிக்கையான ஒருவரை முன்பே தெரிந்து வைத்திருங்கள்.

இடமாற்றம்

முதல் மூன்று மாதத்தில் இடமாற்ற விண்ணப்பத்தில் கையெழுத்து வைக்க வேண்டாம் என்பதே எங்கள் உறுதியான அபிப்பிராயம். மனச்சோர்வில் இருக்கும்போது இடம்தான் காரணம் என்று தோன்றும். சுகமான பிறகு பார்த்தால் பாதி அப்படி இருக்காது. விதிவிலக்கு ஒன்று உண்டு: வருத்தத்துக்குக் காரணமே அந்த இடத்தில் ஒருவர் கொடுத்த தொல்லை, அவர் இன்னும் அங்கேயே மேலே இருக்கிறார் என்றால் காத்திருப்பதில் பொருள் இல்லை. அதை எழுத்தில், திகதிகளோடு, தொழிற்சங்கத்தின் வழியாகக் கொடுங்கள்.

மூன்று மாதம் கழித்தும் விருப்பம் மாறவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டியது நிர்வாக எல்லை. மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை மத்திய சுகாதார அமைச்சின் கீழ் இருக்கிறது. மட்டக்களப்பு, கல்முனை, அம்பாறை பிராந்தியப் பணிமனைகளின் கீழுள்ளவை மாகாணத்துக்கு உரியவை. ஒரு பக்கத்திலிருந்து மற்றப் பக்கம் போக இரண்டு தரப்பும் விடுவிக்க வேண்டும், காலம் எடுக்கும். ஒரே பணிமனைக்குள் கேட்பது விரைவு. வருடாந்த இடமாற்றத்துக்குக் காத்திருக்காமல், மாறிக்கொள்ள விரும்பும் ஒருவரைக் கண்டுபிடித்துப் பரஸ்பர இடமாற்றம் கேட்பது இன்னும் விரைவு.

பிறகு தூரம். சின்ன ஆஸ்பத்திரி அமைதியானது என்று பலர் ஆசைப்படுகிறார்கள். அங்கே நைட்டில் ஒருவரே நிற்க வேண்டி வரலாம், அவசர நோயாளியை அம்புலன்ஸில் ஏற்றி அனுப்புகிற முடிவும் அந்த ஒருவரின் தலையில். பதற்றம் உள்ளவருக்கு ஆள் நிறைந்த பெரிய வார்ட்டே பாதுகாப்பு. மாலை ஏழு மணிக்கு டியூட்டி விட்டால் எந்த பஸ்ஸில் வீடு போவது, வாவி கடக்கும் பாதை (மிதவைப் படகு) அந்த நேரத்துக்கு ஓடுமா என்பதையும் விண்ணப்பத்துக்கு முன் ஒரு நாள் நேரில் போய்ப் பாருங்கள். புதிய இடத்திலும் படித்திட்டம் முதலிலிருந்து தொடங்க வேண்டும். பழைய இடத்துக் கடிதம் அங்கே செல்லாது. வைத்தியரிடம் புதிதாக ஒன்று வாங்கிக்கொண்டு போவது நல்லது.